வலது ஷிஃப்ட், எட்டு வினாடி

ஜூன் 4

மாலை ஷிப்ட்டில் உட்காருபவருக்கு,

வணக்கம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு வருட மருத்துவ விடுப்பு முடிந்து போன வாரம்தான் ஆஸ்பத்திரியின் இந்த ரிப்போர்ட் அறைக்குத் திரும்பினேன். நான் இல்லாதபோது நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். நான் காலை ஆறு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். நீங்கள் மூன்று மணிக்கு வருகிறீர்களாம். நம் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு, ஒரே லாகின். நேரில் பேச வழியில்லாததால் இதை அடித்துக் கீபோர்டுக்கு அடியில் செருகி வைக்கிறேன்.

தயவுசெய்து கீபோர்டு அமைப்பை மாற்றாதீர்கள். ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ் இரண்டையும் போட்டுவைத்துவிட்டுத்தான் நான் தினமும் எழுந்து போகிறேன். மறுநாள் வந்து பார்த்தால் இரண்டும் இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. பேய் வந்து அணைத்துவிட்டுப் போகிறதா?

இன்னொன்று. நாற்காலியை ஏன் கூரைவரைக்கும் ஏற்றி வைக்கிறீர்கள்? என் கால் தரையில் படவில்லை. ராஜா மாதிரி உட்கார வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காலை ஷிப்ட்


ஜூன் 4, மாலை

காலை ஷிப்ட் மேடத்துக்கு,

வணக்கம். அந்தப் பேய் நான்தான்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். போன வாரம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தேன். கீபோர்டு செத்துக் கிடக்கிறது. தட்டினால் எழுத்து வரவில்லை, குத்தினாலும் வரவில்லை. அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் பெரிய மனது பண்ணி ஒன்றே ஒன்று வருகிறது, கூடவே காதுக்குள் ‘கீச்’ என்று ஒரு சத்தம். ஹெட்போனில் எலும்பு டாக்டர் ரிப்போர்ட் சொல்லிக்கொண்டே போகிறார், நான் முதல் வார்த்தையிலேயே நிற்கிறேன். ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டேன். உங்கள் காலத்திலும் இவர்தானா? எதைச் சொன்னாலும் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பாரே, அந்தக் கம்ப்யூட்டர்காரர். பார்த்துவிட்டு, யாரோ ஃபில்டர் கீஸைப் போட்டுவைத்திருக்கிறார்கள் என்று அணைத்தார்.

டாக்டர் பேசுவதைக் கேட்கும்போது சுண்டுவிரலை வலது ஷிஃப்ட் மேல் சாய்த்து வைத்திருப்பது என் பழக்கம். அந்த விசையை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் தானாக உயிர் பெற்றுவிடுமாம். எனக்கு ஒரே நாளில் நாலு தடவை உயிர் பெற்றது. அதனால் அந்தக் குறுக்குவழியையே எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கி கீஸை நான் தொடவே இல்லை. அது என்னவென்றே எனக்குத் தெரியாது.

ஆளுக்கொரு லாகின் கேட்டேன். தலைமை அலுவலகம் அனுமதி தர வேண்டும் என்று ரீஸ்டார்ட் சொல்லிவிட்டார். எனக்கும் ரிப்போர்ட் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது மேடம். மன்னிக்கவும்.

நாற்காலி உயரமாக இருந்தால்தான் எனக்குச் சரிப்படும்.

இப்படிக்கு,
மாலை ஷிப்ட்


ஜூன் 6

மாலை ஷிப்ட்டுக்கு,

மன்னிக்கவும் என்று எழுதிவிட்டு இன்றைக்கும் அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். உங்கள் மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடக்குவாதம். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கட்டை மாதிரி இருக்கும். ஒரு விசையைத் தொடப் போனால் பக்கத்து விசையையும் உரசிக்கொண்டுதான் விரல் இறங்கும். இறங்கிய விரல் சட்டென்று எழாது. அது எழுவதற்குள் ஒரே எழுத்து வரி முழுக்க ஓடிவிடும். ஃபில்டர் கீஸ் போட்டால் உரசலைக் கணக்கில் எடுக்காது, நான் அழுத்திப் பிடித்ததை மட்டும் எடுக்கும். விரல் எழத் தாமதமானாலும் எழுத்து ஓடாது. உங்களுக்குச் செத்த கீபோர்டு, எனக்கு அதுதான் உயிருள்ள கீபோர்டு. ஸ்டிக்கி கீஸ் போட்டால் ஷிஃப்ட்டை அழுத்தி விட்டுவிட்டு, அப்புறம் எழுத்தை அழுத்தலாம். இரண்டு விரலை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வைக்கும் வித்தை எனக்கு இப்போது வராது.

முன்பு எட்டு வினாடி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஷிஃப்ட்டைப் பிடித்து நானே போட்டுக்கொள்வேன். நீங்கள் அதற்கும் ஆப்பு வைத்துவிட்டீர்கள். இப்போது மவுஸைப் பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று திரைக்குப் போய், மிளகு அளவு கட்டத்தில் அம்புக்குறியை நிறுத்த வேண்டும். என் கையில் அது நிற்காது. தரை துடைக்கும் அம்மா வரும்வரை காத்திருக்கிறேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “எதை அமுக்கணும்னு சொல்லு கண்ணு” என்று கேட்டு ஒவ்வொன்றாக அமுக்குவார். அரை மணி நேரம் போய்விடுகிறது.

இந்த மாதம் 28ஆம் தேதி சூப்பர்வைசர் அம்மா எனக்கு டெஸ்ட் வைக்கிறார். ஒரு டாக்டரின் பதிவைக் கொடுத்து, நாற்பது நிமிடத்தில் அடித்து முடிக்கச் சொல்வார். முடியாவிட்டால் கீழே டோக்கன் கொடுக்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார். “அங்க உங்க கைக்கு ரெஸ்ட்டா இருக்கும்” என்கிறார். நாள் முழுக்கச் சுருளிலிருந்து டோக்கன் கிழிப்பதுதான் ரெஸ்ட்டாம்! அது மட்டுமில்லை. இந்த அறையில் என் கையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பான். எனக்கு அது வேண்டாம். எனக்கு இந்த வேலைதான் வேண்டும். பதினோரு டாக்டர்களின் குரலும் எனக்கு மனப்பாடம். ஸ்கேன் டாக்டர் தொண்டையைச் செருமினால் அடுத்து வரப்போவது கல்லீரல் என்று செருமலிலேயே சொல்லிவிடுவேன்.

உங்களுக்கு அணைப்பது ஒரு நிமிட வேலை. எனக்கு அது பிழைப்பு.

இப்படிக்கு,
காலை ஷிப்ட்


ஜூன் 7, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

ரீஸ்டார்ட்டை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டதில் ஸ்டிக்கி கீஸ் விவகாரமும் வெளியே வந்தது. ‘இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அணைத்துவிடு’ என்று அங்கே ஒரு கட்டம், அதில் டிக். நான் வந்து உட்கார்ந்து ஷிஃப்ட்டோடு முதல் எழுத்தை அடித்ததுமே அது அணைந்துபோயிருக்கிறது. நான் சத்தியம் பண்ணியதும் உண்மை, நீங்கள் திட்டியதும் உண்மை. அந்த டிக்கை எடுத்தாயிற்று. இனி ஸ்டிக்கி கீஸ் எப்போதும் இருக்கட்டும், கொஞ்ச நாளில் எனக்குப் பழகிவிடும்.

ஃபில்டர் கீஸோடு மட்டும் தலைகீழாக நின்றாலும் என்னால் அடிக்க முடியாது. அதனால் வந்ததும் அணைத்துக்கொள்கிறேன், போகும்போது போட்டுவிடுகிறேன். மறந்துவிடாமல் இருக்கத் திரையின் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அதைக் கிழித்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இவ்வளவு பாடுபடுவது பெரிய விஷயம்.

இப்படிக்கு,
மாலை ஷிப்ட்


ஜூன் 13

தம்பிக்கு,

நீங்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டால் நான் தம்பி என்றுதானே கூப்பிட வேண்டும்? யாரைக் கேட்டு என்னை அக்காவாக்கினீர்கள் என்று தெரியவில்லை. போகட்டும்.

மூன்று நாள் நன்றாக நடந்தது. வந்து உட்கார்ந்தேன், அடித்தேன். தரை துடைக்கும் அம்மாகூட “இன்னிக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே” என்று கேட்டார். உச்சி குளிர்ந்துபோனது. நேற்று மறுபடி இல்லை. இன்றும் இல்லை. உங்கள் சிவப்பு டேப் மட்டும் ஜம்மென்று இருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

இன்று அந்த அம்மா வரவில்லை, லீவு. வராந்தாவில் போன ஒரு நர்ஸைக் கூப்பிட்டேன். “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்று நிற்காமல் போய்விட்டார். ஏழு மணிவரைக்கும் மவுஸோடு மல்லுக்கட்டினேன். மேசை விளிம்பில் கையை ஓங்கிக் குத்திக்கொண்டேன், ஆத்திரத்தில். அப்புறம் அந்த வலி வேறு.

நாற்காலியும் இன்னும் கூரையில்தான் இருக்கிறது. இறக்கும் கம்பி இருக்கைக்கு அடியில் இருக்கிறது, என் விரலால் அதை இழுக்க முடியாது. இரண்டு பேப்பர் கட்டுகளைக் கீழே போட்டு, அதன்மேல் கால் பெடலை வைத்து, பதிவை நிறுத்தவும் ஓட்டவும் செய்கிறேன். சர்க்கஸ்காரி மாதிரி இருக்கிறேன். பார்க்க யாருமில்லாததால் பிழைத்தேன்.

28க்கு இன்னும் நாள் அதிகமில்லை. தயவுசெய்து.

இப்படிக்கு,
சர்க்கஸ்காரி


ஜூன் 14, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தாநாளும் அதற்கு முந்தின நாளும் அவசரப் பிரிவிலிருந்து ரிப்போர்ட் கேட்டுக் கழுத்தில் கத்தி வைத்தார்கள். முடித்ததும் எழுந்து ஓடினேன். சாக்குத்தான், வேறென்ன சொல்ல?

இனி என் ஞாபகசக்தியை நம்பி நீங்கள் இருக்க வேண்டாம். அந்த எட்டு வினாடிக் குறுக்குவழியை மறுபடி போட்டுவிட்டேன். நான் மறந்தாலும் வலது ஷிஃப்ட்டைப் பிடித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். என் சுண்டுவிரல் அங்கே போய்ப் படுக்காமல் இருக்க, ஷிஃப்ட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு டேப்பைச் சுருட்டி ஒட்டியிருக்கிறேன். விரல் பட்டதும் உறுத்தும், எடுத்துவிடுவேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரமாகப் பார்த்து ஒட்டினேன்.

இன்று ஒரு காரியம் செய்தேன். வேலை குறைவாக இருந்தது. உங்கள் அமைப்பைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ரிப்போர்ட் அடித்துப் பார்த்தேன். அக்கா, பத்தாவது வரியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிச்சலா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. இதோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறீர்களா? எப்படியாவது உங்களுக்கு இதைச் சுலபமாக்க வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

நாற்காலியை இறக்கித்தான் வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
மாலை ஷிப்ட்


ஜூன் 21

தம்பிக்கு,

நான் திட்டுவதற்கு மட்டும்தான் எழுதுவேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரமாக எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நேற்று நீங்கள் மறந்திருந்தீர்கள், ஆனால் வலது ஷிஃப்ட்டைப் பிடித்து நானே போட்டுக்கொண்டேன். எட்டு வினாடி வலித்தது. யாரையும் கூப்பிடவில்லை. அந்த நிம்மதி உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

நாற்காலியை இறக்கியது சரி, ஆனால் இப்போது பாதாளத்துக்கு இறக்கிவிட்டீர்கள். மேசை என் கழுத்துக்கு வருகிறது. பேப்பர் கட்டுகள் காலுக்கடியிலிருந்து இருக்கைக்கு மேலே வந்திருக்கின்றன. நல்ல ஆள் நீங்கள்.

நேற்று எனக்கு நானே ஒரு டெஸ்ட் வைத்துப் பார்த்தேன். ஸ்கேன் டாக்டரின் பதிவு, எண்ணும் அளவுமாக நிறைந்தது. எண்களுக்கு வலது பக்க எண் பலகைதான் எனக்கு வசதி. நாற்பது நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டேன்! யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, உங்களிடம் சொல்கிறேன்.

28ஆம் தேதி காலை ஏழு மணிக்கு டெஸ்ட். சூப்பர்வைசர் அம்மா பக்கத்திலேயே கடிகாரத்தோடு நிற்பார். 27ஆம் தேதி போகும்போது ஃபில்டர் கீஸை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
காலை ஷிப்ட்


ஜூன் 27, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்கு நீங்கள் தைரியமாக வந்து உட்காருங்கள். எல்லாம் தயாராக இருக்கிறது. மறக்கவில்லை, இரண்டு தடவை சரிபார்த்தேன். உங்களுக்காக ரீஸ்டார்ட்டிடம் கேட்டு இன்னும் சிலதையும் கற்றுக்கொண்டு சரிபண்ணி வைத்திருக்கிறேன். உட்கார்ந்ததும் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

கையை அவசரப்படுத்தாதீர்கள். நிச்சயம் ஜெயிப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாலை ஷிப்ட் தம்பி


ஜூன் 28

மாலை ஷிப்ட்டுக்கு,

வித்தியாசம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

ஃபில்டர் கீஸில் ஒரு எழுத்து விழ விசையைப் பிடிக்க வேண்டிய நேரத்தை நான் இருப்பதிலேயே குறைவாக வைத்திருந்தேன். வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நீங்கள் அதை ஒரு முழு வினாடியாக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வினாடி விசையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முதல் வரியிலேயே மூட்டு கதறியது. அது போதாதென்று மவுஸ் கீஸ் என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் டாக்டர் அளவு சொல்கிறார், நான் எண் பலகையை அழுத்துகிறேன், எண் வரவில்லை. அம்புக்குறி திரையில் ஊர்கிறது. மேலே போகிறது, பக்கவாட்டில் போகிறது. சூப்பர்வைசர் அம்மா, “என்னம்மா பண்றீங்க?” என்று கேட்கிறார். என்ன பண்ணுகிறேன் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்!

வலது ஷிஃப்ட்டைப் பிடித்து அணைத்தேன், எழுத்தெல்லாம் கட்டறுத்து ஓடியது. மறுபடி பிடித்துப் போட்டேன், மறுபடி அதே ஒரு வினாடி. “யாரோ செட்டிங்கை மாத்திட்டாங்க” என்றேன். “தினமும் ஒரு காரணம் சொன்னா எப்படி?” என்றார். நாற்பது நிமிடத்தில் பாதிகூட முடியவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை. என் தோளைத் தட்டி, “பாவம், பரவாயில்ல. திங்கக்கெழமையிலேர்ந்து டோக்கன் மேசைக்கு வந்துருங்க” என்றார். பாவமாம்.

நீங்கள் அணைத்துவிட்டுப் போன நாளெல்லாம் எனக்கு அரை மணி, ஒரு மணி நேரம்தான் போனது. அக்கறையோடு வைத்துவிட்டுப் போன ஒரே நாளில் வேலையே போய்விட்டது. நல்லது செய்கிறேன் என்று என் தலையில் மண்ணை வாரிப் போட்டீர்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட் அடித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டீர்களா? இது என் கை. இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் போதுமே! எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். எப்போது சரியாகும் என்று சூப்பர்வைசர் கேட்கிறார். எப்படி இருந்தால் உனக்கு வசதி, எந்த நேரத்தில் உன் விரல் நன்றாக வளையும் என்று ஒரு ஜென்மம் இதுவரை கேட்டதில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

இனி எழுத வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டபடி கீபோர்டு முழுக்க உங்களுக்குத்தான்.

காலை ஷிப்ட்டில் இருந்தவள்


ஜூன் 30

மேடத்துக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். திங்கட்கிழமை உங்களிடம் கொடுக்கச் சொல்லி இதைத் தரை துடைக்கும் அம்மாவிடம் தருகிறேன்.

நேற்று சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்து, மாற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். நேரம் கூடினால் உரசல் குறையும், எண் பலகையாலேயே அம்புக்குறி நகர்ந்தால் மவுஸ் வேண்டாம் என்று நானாக நினைத்துவிட்டேன். ரீஸ்டார்ட்டையும் கூட்டிக்கொண்டு போய், அந்த ஒரு வினாடியையும் அம்புக்குறியையும் காட்டச் சொன்னேன். அம்மாவையே அதில் நாலு வரி அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வரியோடு எழுந்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “டெஸ்ட் அன்னிக்கு அமைப்ப மாத்த உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?” என்று பிடித்துக்கொண்டார். மெமோ கொடுத்திருக்கிறார். இங்கே வருவதற்கு முன் பார்த்த இடங்களையும் சேர்த்து, இத்தனை வருட சர்வீஸில் முதல் மெமோ. கொடுக்க வேண்டியதுதான். உங்களுக்கு இன்னொரு டெஸ்ட் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைதான், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றார்.

எப்போது என்று கேட்டார். “எனக்குத் தெரியாது, அவங்களைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றேன்.

அதனால் கேட்கிறேன். எந்த நேரத்தில் உங்கள் விரல் நன்றாக வளையும்?

இப்படிக்கு,
மாலை ஷிப்ட்


ஜூலை 2

பேனாவில் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கும். டோக்கன் கிழித்துக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

மதியம் ஒரு மணிக்கு மேல். அப்போது கொஞ்சம் இளகும். சாயங்காலம் இன்னும் நன்றாக இருக்கும்.

வேறு யாரும் எதையும் தொடக்கூடாது. நானேதான் எல்லாம் போட்டுக்கொள்வேன்.

கேட்டதால் சொல்கிறேன். கோபம் போகவில்லை.


ஜூலை 5

அக்காவாம் அக்கா!

நேற்று மதியம் இரண்டரை மணிக்கு அந்த அறைக்குள் நுழைகிறேன். சூப்பர்வைசர் அம்மா நிற்கிறார். சுவரோரமாகத் தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். டாக்டர் யாரோ போல என்று வணக்கம் வைத்தேன். “இவர்தான் மாலை ஷிப்ட்” என்றார் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷரையா ஒரு மாதமாகத் தம்பி, தம்பி என்று ஏசினேன்! புதிதாக வந்தவர் என்றதும் சின்னப் பையன் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். ஏன் ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லை நீங்கள்?

உங்கள் முகத்தையும் பார்த்தேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. முடக்குவாதம் என்றதும் நரைத்த தலையோடு ஒரு கிழவி வருவாள் என்றுதானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ‘இந்த வயதில் இவ்வளவு பாடுபடுவது’ என்று எழுதினீர்களே, எந்த வயதில்? இது எல்லா வயதிலும் வரும். எனக்கு இருபத்தெட்டில் வந்தது.

நான் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எட்டு வினாடி உட்கார்ந்திருந்தபோது அம்மா, “என்ன, ஆரம்பிக்கலையா?” என்றார். நீங்கள், “இதுதாங்க ஆரம்பம்” என்றீர்கள். எட்டு வினாடி முடிந்ததும் முதல் எழுத்தை அழுத்தினேன். முப்பத்தேழாவது நிமிடத்தில் முடித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார், இரண்டு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். “சரி, டோக்கனுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் தூங்கவில்லை நான்.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது தானாகப் போகும்போது போகட்டும். மெமோவுக்கு வருத்தப்படுகிறேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, மெதுவாகச் சாய்ந்தீர்கள். முழங்காலா? ராஜா, கூரை என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நானும்தான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
காலை ஷிப்ட்


ஜூலை 10, காலை

அன்புள்ள தங்கைக்கு,

இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன், அப்படிக் கூப்பிடலாம் இல்லையா?

ஆமாம், முழங்கால்தான். மடக்கினால் எழுந்திருக்க முடியாது. தம்பி என்று கூப்பிட்டதற்கு நான் ஏன் மறுப்புச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் என்னைத் தாத்தா என்கிறார்கள். ஒரு இடத்திலாவது தம்பியாக இருந்துவிட்டுப் போகலாமே என்றுதான்.

ஷிப்ட் மாற்றிக்கொள்கிறீர்களா என்று சூப்பர்வைசர் அம்மா நம் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாரே, அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்று முதல் நாள், காலையில் நான் வந்து உட்கார்ந்தேன். காலை வெயில் இந்த ஜன்னல் வழியாக நேராகத் திரையில் அடிக்கிறது என்று நீங்கள் ஒரு நாளும் புகார் செய்யவில்லையே?

ரீஸ்டார்ட் வந்தார். ஆளுக்கொரு லாகின் போட்டுக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் அம்மா ஒரு சத்தம் போட்டாராம், தலைமை அலுவலகமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்து நிமிட வேலைக்கு ஒரு மாதம் நாம் அடித்துக்கொண்டோம்! ‘இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே’ என்றேன். ‘ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க’ என்றுவிட்டுப் போனார்.

இனி உங்கள் லாகினில் உங்கள் அமைப்பு இருக்கும், என் லாகினில் என் அமைப்பு. நான் எதையும் தொடவில்லை, தொடவும் முடியாது. வலது ஷிஃப்ட்டில் இருந்த டேப்பையும் எடுத்துவிட்டேன். கீபோர்டுக்கு அடியில் எழுதிவைக்க இனி ஒரு காரணமும் இல்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது, யோசித்துப் பார்த்தேன். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரே லாகின்தான்.

அந்தக் கம்பியை உங்களால் இழுக்க முடியாது என்று தெரியும். நான் கிளம்பும்போது வைத்துவிட்டுப் போகிறேன். எவ்வளவு உயரம் வேண்டும்? சொல்லும்வரை தொட மாட்டேன்.

இப்படிக்கு,
காலை ஷிப்ட் அண்ணன்


ஜூலை 10, மாலை

அண்ணனுக்கு,

கூப்பிடலாம்.

இருக்கையின் விளிம்பு, மேசை இழுப்பறையின் கைப்பிடிக்கு நேராக இருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு விரல்கூட வேண்டாம், கீழேயும் வேண்டாம். இன்று அப்படி இல்லை, கூரையில்தான் இருந்தது. நான் சொல்லும்வரை தொட மாட்டேன் என்று எழுதியிருந்ததால் திட்டவில்லை. பேப்பர் கட்டுகளைக் கடைசித் தடவையாகப் போட்டுக்கொண்டேன்.

நான் எழுந்து போகும்போது அந்தக் கம்பியைக் காலால் நெம்பி உங்களுக்கு ஏற்றிவைக்க முடியுமா என்று பார்த்தேன். இரண்டாவது தடவையில் வந்துவிட்டது. ஆனால் இப்போது இருக்கும் உயரம்தான் உங்களுக்கு வசதியா என்று தெரியவில்லை, அதனால் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.

உங்கள் முழங்காலுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

இப்படிக்கு,
தங்கை